நாடகாசிரியர் வாழ்வும் அதற்குரிய சான்றுகளும்: சேக்சுபியரும் சங்கரதாஸ் சுவாமிகளும்

நாடகம் எழுதியவரின் வாழ்வையே நாடகமாக்கிக் காட்டும் வழக்கம் மேனாட்டிலும் நம் நாட்டிலும் பெருகியுள்ளது. சேக்சுபியரின் வாழ்வு 1978ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பப்பெற்றது. ஜான் மார்ட்டிமர் என்னும் நாடகாசிரியர் அதனை எழுதினார். டிம் கரி என்னும் நடிகர் சேக்சுபியராகத் தோன்றினார். தமிழகத்தில் 2014ஆம் ஆண்டில் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த 'காவியத்தலைவன்' என்னும் திரைப்படம், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளை நினைவூட்டும் ஓர் ஆசிரியரைச் சிவதாஸ் சுவாமிகள் என்னும் பெயரால் படைத்துக் காட்டிற்று. இவ்விரண்டனையும் கலைப் படைப்புகளாக நுகர்வதற்குத் தடை யாதும் இல்லை. ஆயினும், வரலாற்று மாணவர்க்கு இவற்றால் சில வினாக்கள் எழுகின்றன. நாடகாசிரியர் ஒருவரின் வாழ்வைப் பற்றி நாம் உறுதியாக அறிவன யாவை? அவ்வறிவு எவ்வகைச் சான்றுகளால் வந்தது? சான்று நின்றுவிடும் இடத்தில் கற்பனை எவ்வாறு புகுகின்றது?

இவ்வினாக்களை ஆராயப் புகுவார்க்கு வியப்பான நிலையொன்று புலனாகும். 1616ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கிலப் புலவருக்கு நாள் குறித்த ஆவணங்கள் பல கிடைக்கின்றன. 1922ஆம் ஆண்டில் மறைந்த நம் நாடகாசிரியரைப் பற்றிய செய்திகளிற் பெரும்பகுதியோ, மாணவர் ஒருவரின் வாக்கையே அடிப்படையாகக் கொண்டு வழங்குகின்றது. முந்நூறு ஆண்டுகள் நமக்கு அணுக்கமாக வாழ்ந்தவர் சான்று வகையில் நமக்குச் சேய்மையில் நிற்கின்றார். இக்குறையை ஓரளவு நீக்கவல்ல சான்றுகள் இன்றும் உள்ளன என்பதும், அவற்றைத் தேடத்தக்க இடங்களுள் ஒன்று திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சேக்சுபியர்: ஆவணங்களும் இடைவெளிகளும்

சேக்சுபியரின் வாழ்வைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று கூறுவார் உளர். அக்கூற்று மிகையானது. 1564ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடந்தமை இசுட்ராட்போர்டு திருச்சபைப் பதிவேட்டில் உள்ளது. 1582இல் நிகழ்ந்த திருமணத்திற்கும், 1585இல் இரட்டைக் குழந்தைகள் திருமுழுக்குப் பெற்றமைக்கும், அவ்விருவருள் ஒருவனாகிய ஆம்நெட்டு 1596ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டமைக்கும் பதிவுகள் உண்டு. 1597இல் அவர் தம் ஊரில் பெருமனையொன்றை விலைக்கு வாங்கியமைக்கும், 1612இல் இலண்டன் நகர வழக்கொன்றில் சாட்சியம் அளித்தமைக்கும், 1616ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் இறுதி முறி எழுதியமைக்கும் சான்றுகள் உள்ளன. ஊர்ப் பதிவேடு, நிலப் பத்திரம், நீதிமன்றச் சுவடி, நூல் வெளியீட்டாளர் பதிவு என்னும் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

எனினும், இவ்வாவணங்கள் ஒரு மனிதனின் புறவாழ்வை மட்டுமே காட்டுவன. 1585ஆம் ஆண்டிற்கும், இராபர்ட்டு கிரீன் என்பாரது பழிப்புரை வெளிவந்த 1592ஆம் ஆண்டிற்கும் இடையே அவர் எங்கிருந்தார், என் செய்தார் என்பது விளங்கவில்லை. ஆங்கில அறிஞர் இவ்வேழாண்டுகளை 'இழந்த ஆண்டுகள்' என வழங்குவர். மகனை இழந்த தந்தையின் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதைப் பதிவேடு கூறாது. அடக்கம் நிகழ்ந்த நாளை மட்டும் கூறும்.

இவ்விடைவெளிகளை நிரப்பும் வேலை தொலைக்காட்சி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிட்டது. 1709ஆம் ஆண்டில், புலவர் மறைந்து தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழிந்தபின், நிக்கலசு ரோ என்பார் அவர் வரலாற்றை எழுதி நாடகப் பதிப்புடன் வெளியிட்டார். இளமையில் சேக்சுபியர் செல்வர் ஒருவரின் காட்டில் மான் திருடினார் என்றும், அதனால் ஊரை விட்டு ஓடினார் என்றும் வழங்கும் கதை அவ்வரலாற்றில் இடம்பெற்றது. அதற்கு அக்கால ஆவணம் எதுவும் இல்லை. எனினும், அக்கதை பின்வந்த எத்தனையோ நூல்களில் புகுந்து உண்மைபோல் நிலைபெற்றது.

மார்ட்டிமரின் தொலைக்காட்சி நாடகம் இம்மரபின் வழிப்பட்டதே. சேக்சுபியர்க்கும், 1593ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் கொலையுண்ட மார்லோவுக்கும் இடையே இருந்திருக்கக்கூடிய தொடர்பினை அது கதையாக்குகின்றது. பதினான்கடிப் பாக்களில் பெயர் சுட்டாது பாடப்பெற்ற பெண்ணை உயிருள்ள பாத்திரமாக்குகின்றது. 1601ஆம் ஆண்டு எசெக்சுப் பெருமகனின் கிளர்ச்சிக்கு முந்தைய நாள், அவனைச் சார்ந்தோர் வேண்டுகோளின்படி 'இரண்டாம் இரிச்சர்டு' நாடகம் நடிக்கப்பெற்றது என்பது ஆவணச் சான்றுடைய நிகழ்ச்சி. ஆகவே இத்தகைய படைப்புகளில் மூவகைச் செய்திகள் கலந்து நிற்பதைக் காணலாம்: ஆவணம் உடையன, பாடல்களிலிருந்து ஊகித்தறிந்தன, முழுக் கற்பனையாயின. பார்ப்போர் கண்ணுக்கு மூன்றும் ஒரே நிறத்தவாய்த் தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுதல் வரலாற்றாசிரியன் கடமை. ஆங்கில நாட்டில் அது செய்தற்கெளிது. ஐயுறுவோர் சென்று பார்த்தற்குப் பதிவேடு உள்ளது.

2. தமிழில் புலவர் வரலாறு

தமிழில் புலவர் வரலாறு கூறும் மரபு பழமையானது. 'தமிழ் நாவலர் சரிதை' தனிப்பாடல்களை நிரல்படுத்தி அவற்றின் வாயிலாகப் புலவர்களை நினைவூட்டுகின்றது. அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் 'விநோதரசமஞ்சரி' கம்பர், ஒட்டக்கூத்தர், ஔவையார், காளமேகம் முதலியோரைப் பற்றிய செவிவழிக் கதைகளைச் சுவைபட உரைக்கின்றது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) 'புலவர் புராணம்' என்னும் பெயரால் புலவர் பலரின் வரலாற்றைச் செய்யுளிற் பாடினார். 'குருபர தத்துவம்' என்னும் நூலில் தம் வரலாற்றையும் தாமே பாடினார்.

இந்நூல்களிற் பொதுவாகக் காணப்பெறும் முறை ஒன்றுண்டு. பாடல் முதலில் இருக்கும்; அப்பாடல் பிறந்த சூழல் பின்னர்க் கதையாக வளரும். அம்பிகாபதி கதை இதற்குத் தக்க சான்று. சேக்சுபியரின் பதினான்கடிப் பாக்களிலிருந்து காதற்கதை கட்டிய தொலைக்காட்சி ஆசிரியர் செய்ததும் இதுவே. ஆதலின், பாடலிலிருந்து வாழ்வைப் படைத்துக்கொள்ளும் முறை நமக்கு மேனாட்டிலிருந்து வந்ததன்று. இரு நாட்டார்க்கும் பொதுவான மனப்போக்கு அது.

இம்மரபு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து வந்த நிலையிலேதான் சங்கரதாஸ் சுவாமிகளின் வரலாறு எழுதப்பெற்றது. அதனை எழுதியவர் அவர்தம் மாணவர் ஔவை தி. க. சண்முகம் (1912–1973). 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்னும் நூல் 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் 1972இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தன்வரலாற்றிலும் சண்முகனார் தம் ஆசிரியரைப் பற்றி விரிவாக எழுதினார். சேக்சுபியர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழிந்தபின், அவருடன் நடித்த எமிஞ்சு, காண்டெல் என்னும் இருவர் 1623ஆம் ஆண்டில் அவர்தம் நாடகங்கள் முப்பத்தாறினைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் பதினெட்டு அதற்குமுன் அச்சேறாதவை. தோழர் இருவர் முயலாதிருப்பின் அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும். நாடகாசிரியர் புகழைக் காத்தவர் நடிகரே என்பதில் இரு வரலாறுகளும் ஒத்துள்ளன.

3. சங்கரதாஸ் சுவாமிகள்: சான்றுகளின் தரம்

சுவாமிகளின் வரலாற்றுச் சுருக்கம் வருமாறு. 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியைச் சார்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரன் என்பார். தந்தையாரிடத்தும், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடத்தும் தமிழ் பயின்றார். சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். இருபத்து நான்காம் வயதளவில் நாடகத்துறை புகுந்து இரணியன், இராவணன், எமதருமன் முதலிய வேடங்களைத் தாங்கினார். பின்னர் நடிப்பைத் துறந்து நாடகாசிரியர் ஆனார். இடையே துறவுள்ளம் கொண்டு தலப்பயணம் சென்றார். புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை அழைத்து ஆதரித்து மீண்டும் நாடகத்தின்பால் திருப்பினார். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். 1921இல் பக்கவாதத்தால் தாக்குண்டு பேசும் ஆற்றலை இழந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

இச்சுருக்கத்தில் உள்ள செய்திகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. தி. க. சண்முகம் பிறந்தது 1912இல். தம் தமையன்மாருடன் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது அவருக்கு அகவை ஆறு. ஆசிரியர் மறைந்தபோது அகவை பத்து. ஆகவே, 1918ஆம் ஆண்டு முதல் 1922 வரையுள்ள நிகழ்ச்சிகளுக்கு அவர் கண்கண்ட சான்றாளர். அதற்கு முற்பட்ட ஐம்பது ஆண்டுச் செய்திகளுக்கு அவர் கேட்டறிந்து கூறுபவர் மட்டுமே. நேர்மையும் நினைவாற்றலும் நிறைந்தவர் வாக்கெனினும், காட்சியையும் கேள்வியையும் வேறுபடுத்திக் கொள்ளுதல் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. இரண்டு எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம்.

முதலாவது, எமதருமன் கதை. 'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில் சுவாமிகள் எமனாகத் தோன்றி ஆர்ப்பரித்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சிக் கரு சிதைந்தாள் என்றும், இத்தகைய நிகழ்ச்சிகளால் மனம் நொந்து அவர் வேடம் புனைவதை விட்டார் என்றும் கூறுவர். கிரேக்க நாடகாசிரியர் ஈசுகிலசின் பழைய வரலாறொன்றிலும் இதனையொத்த செய்தி காணப்படுகின்றது. அவருடைய நாடகத்தில் பழிவாங்கும் தேவதைகள் மேடையில் புகுந்தபோது பெண்டிர் கருச்சிதைவுற்றனர் என்று அவ்வரலாறு கூறும். இவ்வொற்றுமையால் தமிழ்க்கதை பொய்யென முடிவுகட்டுதல் பொருந்தாது. இரு நாடுகளிலும் தனித்தனியே இவ்வாறு நிகழ்ந்திருத்தலும் கூடும். ஆனால், அச்சம் விளைக்கும் மேடைத்தோற்றத்தின் ஆற்றலை உணர்த்துதற்கு மக்கள் இத்தகைய கதையை நாடுவர் என்பது இதனால் தெளிவாகின்றது. நிகழ்ந்த ஊர், ஆண்டு, உடனிருந்தார் கூற்று ஆகியவை கிடைக்கும்வரை இதனைச் செவிவழிச் செய்தி என்று குறித்தலே முறை.

இரண்டாவது, 'அபிமன்யு சுந்தரி' இயற்றப்பெற்ற செய்தி. நான்கு மணி நேரம் நடித்தற்குரிய அந்நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். பெரும்புலவர் விரைந்து எழுதுவர் என்னும் கருத்தும் உலகிற் பரவிய ஒன்றே. சேக்சுபியரின் கையெழுத்துப்படியில் அடித்தல் திருத்தல் காண்பது அரிது என்று 1623ஆம் ஆண்டுத் தொகுப்பின் முன்னுரையில் அவர்தம் தோழர் இருவரும் கூறினர். எனினும், எமதருமன் கதைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. 'அபிமன்யு சுந்தரி' பால சபைக் காலத்து நாடகம். சண்முகனார் நடித்தற்கென்றே எழுதப்பெற்றது. அச்சபையில் வாழ்ந்த சிறுவர் அதனை அறிந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் இச்செய்தியின் வலிமை முன்னையதினும் பெரிது. ஒரே நூலிற் காணப்பெறும் இரண்டு செய்திகளின் தரம் இவ்வாறு வேறுபடுகின்றது.

மூன்றாவதாக ஒரு சிக்கலையும் ஈண்டுச் சுட்டலாம். சுவாமிகளின் ஆசிரியராகிய பழனி தண்டபாணி சுவாமிகளை, மேலே கூறிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளாகவே கொள்வாரும் உளர். பெயரொற்றுமை ஒன்றே இதற்குப் போதிய சான்றாகாது. பழனியில் முருகப்பெருமான் பெயரைத் தாங்கிய துறவியர் பலர் இருந்திருத்தல் இயல்பே. இருவரும் ஒருவரே எனின், புலவர் வரலாற்றைப் பாடிய ஒருவர் தமிழ் நாடகத் தலைமையாசிரியரை உருவாக்கினார் என்னும் சிறப்பு நேரும். சிறப்பு மிகுந்த முடிவாயின் அதற்கேற்பச் சான்றும் வலிதாதல் வேண்டும். பழனி 1985ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற திண்டுக்கல் மாவட்டத்தினுள் அடங்கியது ஆதலின், இவ்வாராய்ச்சி இப்பகுதிப் பல்கலைக்கழக மாணவர்க்கு அருகிலேயே உள்ள பணியாகும்.

4. திரைப்படம் செய்ததும் செய்யாததும்

'காவியத்தலைவன்' ஆசிரியரின் பெயரை மாற்றி அமைத்ததால், வரலாறு கூறுவதாகத் தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை. இந்நேர்மை பாராட்டத்தக்கது. சபையின் ஒழுங்கு, சிறுவர் பாடம் கேட்கும் முறை, தலைமை வேடத்தின்பொருட்டு மாணவரிடையே எழும் போட்டி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்த மேடையமைப்பு ஆகியவற்றை அப்படம் கண்முன் கொணர்ந்தது. நாடக சபை என்பது பள்ளியாகவும் இல்லமாகவும் இருந்தது என்னும் உண்மையை இக்கால இளைஞர் பலர் அதன்வழியே முதன்முறையாக அறிந்திருத்தல் கூடும்.

ஆயினும் கதையின் தேவை வேறு, வரலாற்றின் தேவை வேறு. திரைக்கதை மாணவர் இருவரின் பொறாமையையும் காதலையும் நடுவாகக் கொண்டு இயங்குகின்றது; ஆசிரியரின் பெருமையும் வீழ்ச்சியும் அதனோடு பிணைக்கப்படுகின்றன. சங்கரதாஸ் சுவாமிகளின் இறுதியாண்டில் நாம் காண்பது நோய். பாடலையும் உரையாடலையும் வாய்மொழியாகவே பயிற்றிய ஆசிரியர் ஒருவர் வாய் பேச இயலாதவரானார். இதனினும் பெரிய அவலம் கற்பனையால் ஆவதன்று. அதன் முழுப்பொருளும் விளங்க வேண்டுமாயின், அவர்தம் பாடம் எத்தகையது, அது எவ்வாறு மாணவர்பால் சென்றது என்பதனை அறிதல் வேண்டும். அந்த அறிவைத் தரவல்ல சான்று திரையிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. அது மேடையில் உள்ளது.

5. திண்டுக்கற் சமவெளியின் மேடை

சிறுமலைக்கும் கொடைமலைத் தொடருக்கும் இடையே பரந்து கிடப்பது திண்டுக்கற் சமவெளி. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஆத்தூர், ஒட்டன்சத்திரம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், மழை குறைந்து வயல் வேலை ஓய்ந்த காலத்தில் அம்மன் கோயில் திருவிழாக்கள் நடைபெறும். அவ்விழாக்களில் இரவு தொடங்கி விடியுமளவும் நாடகம் நடித்தல் வழக்கம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியன பெரிதும் விரும்பப்படுவன. இவை பெரும்பாலும் சுவாமிகளின் பாடத்தை அடியொற்றியவை.

திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1875ஆம் ஆண்டில் திண்டுக்கல் வழியே அமைந்தது. மதுரையிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரம், திரைச்சீலையும் வேடப்பெட்டியும் சுமந்து ஊர்தோறும் சென்ற நாடகக் குழுவினர்க்கு எளிதில் எய்தக்கூடியதாயிற்று. 1931ஆம் ஆண்டில் பேசும் படம் தமிழில் தோன்றியபின் நாடக சபைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆயினும், சபையைச் சாராது தனித்தனியே அழைக்கப்பெற்று நடிக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை தென்மாவட்டங்களில் நிலைத்தது. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் ஏற்பட்டன. இம்முறையை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் சூசன் சைசர் 2005ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டுள்ளார்.

இம்முறையின் இயல்பு ஆராயத்தக்கது. இராஜபார்ட் நடிப்பவர் ஓர் ஊரினர்; ஸ்திரீபார்ட் ஏற்பவர் வேறோர் ஊரினர்; பபூனும் ஆர்மோனியம் வாசிப்பவரும் மிருதங்கக் கலைஞரும் பிறபிற ஊர்களிலிருந்து வருவர். அனைவரும் அன்று மாலையிலேயே ஒருங்கு கூடுவர். ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. எனினும், விடியும்வரை நாடகம் குறைவற நடைபெறும். இஃது எங்ஙனம் கூடும்? எல்லோரும் ஒரே பாடத்தைக் கற்றிருத்தலாலேயே கூடும். எந்தக் கட்டத்தில் யார் புகுவர், எந்தப் பாட்டின் இறுதியில் எதிர்ப்பாட்டுத் தொடங்கும், எந்த இடத்தில் தருக்கம் விரியலாம் என்பன முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. 'வள்ளி திருமணத்தில்' வேடனாகவும் விருத்தனாகவும் வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நிகழும் சொற்போர் நடிகரின் திறத்திற்கேற்ப நீளலாம், குறுகலாம். ஆனால் அது தொடங்கும் இடமும் முடியும் இடமும் பாடலால் கட்டப்பட்டவை. உறுதியான சட்டமும் அதனுள் உரிமையும் ஒருங்கே அமைந்த இந்நாடகக் கட்டமைப்பு சுவாமிகளின் தொழில்முறையை நமக்கு நேரே காட்டுகின்றது. அவர் சிறுவர்க்கும் எழுதினார்; பெரியோர்க்கும் எழுதினார்; குழு கலைந்து போயினும் நடிகர் ஒன்றுகூடிய அளவில் மீண்டும் நாடகமாகத்தக்க வடிவில் எழுதினார். அவர்தம் நாடகங்கள் எத்தனை என்பதில் நாற்பது என்பார் முதல் அறுபத்தெட்டு என்பார் ஈறாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவை நிலைபெற்றமைக்குக் காரணம் இக்கட்டமைப்பே என்பதில் ஐயமில்லை.

ஈண்டு ஒரு தடை எழலாம். இன்றைய மேடையிற் கேட்கும் பாடல்களுள் திரையிசை மெட்டுகள் கலந்துள்ளன. பபூன் கூறும் நகைச்சுவை அவ்வப்போது புதியதாகின்றது. இத்தகைய மேடையைக் கொண்டு நூறாண்டுக்கு முற்பட்ட ஆசிரியரை அறிதல் எவ்வாறு இயலும் என்பர். தடை வலிதே. இதற்கு விடை ஆங்கில நாடகப் பதிப்பு வரலாற்றில் உள்ளது. 'ஆம்லெட்டு' நாடகம் 1603ஆம் ஆண்டில் குறைவுபட்ட பாடமாகவும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விரிந்த பாடமாகவும், 1623இல் வேறுபாடுகளுடனும் அச்சாயிற்று. முதற்பதிப்பு, நடிகர் ஒருவரின் நினைவிலிருந்து எழுதப்பெற்றது என்று கருதுவார் பலர். அதனை அறிஞர் தூக்கி எறிந்துவிடவில்லை. மேடையில் எது நிகழ்ந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று என ஏற்று, மற்றைப் பாடங்களோடு ஒப்புநோக்கினர். நம் நடிகரின் நினைவையும் அம்முறையில் ஒப்புநோக்குதல் வேண்டும். திண்டுக்கல் நடிகர் பாடும் பாடமும், புதுக்கோட்டை நடிகர் பாடும் பாடமும், அரிமளம் சு. பத்மநாபன் முதலிய ஆய்வாளர் தொகுத்த அச்சுப் பாடமும் ஒத்துச் செல்லும் இடங்கள் பழமையானவை என்று கொள்வதற்கு இடமுண்டு. வேறுபடும் இடங்கள் பிற்காலத்தார் கைபட்டவை என ஐயுறற்குரியன.

மேடையின் எல்லையையும் மறத்தல் கூடாது. ஆசிரியர் எவ்வாறு எழுதினார், எவ்வாறு பயிற்றினார் என்பதற்கு மேடை சான்றாகும். அவர் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார், ஏன் துறவு மேற்கொண்டார் என்பவற்றிற்கு அது சான்றாகாது. நாடகத்தில் வரும் வள்ளியின் சொல்லைக் கொண்டு சுவாமிகளின் அகவாழ்வை ஊகிப்பின், பதினான்கடிப் பாக்களைக் கொண்டு சேக்சுபியரின் காதலைக் கட்டியவரின் நெறியிலேயே நாமும் செல்வோராவோம்.

6. இனிச் செய்யத்தக்கன

ஆண்டும் ஊரும் அறிதற்குரிய சான்று வேறொன்று உண்டு. அது நாடக விளம்பரத் தாள். மக்கள் அதனை 'நாடக நோட்டீசு' என வழங்குவர். நாடகத்தின் பெயர், நிகழும் ஊர், நாள், நடிகர் பெயர், நுழைவுக் கட்டணம் ஆகியவை அதில் அச்சிடப்பெறும். படித்தவுடன் எறியப்படும் எளிய தாள் எனினும், அக்காலத்தே அச்சாகி நாளும் இடமும் தாங்கி நிற்றலின், இசுட்ராட்போர்டு பதிவேட்டிற்கு நம்மிடத்துள்ள நிகர் இதுவே. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் இத்தகைய அச்சுத்தாள்களையும் பேணி வருகின்றது. தென்மாவட்டங்களில் பழைய நடிகர் இல்லங்களிலும், சங்க அலுவலகங்களிலும், அச்சகங்களிலும் எஞ்சியவை இருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுத்து, நாள் வரிசைப்படுத்தினால், சுவாமிகளும் அவர்தம் குழுவினரும் சென்ற வழியை ஆண்டுதோறும் வரையலாம். செவிவழிச் செய்திகளுள் எவை அவ்வழியோடு பொருந்துவன, எவை பொருந்தாதன என்பது அதன்பின்னரே துணியப்படும்.

இரண்டாவது பணி, நடிகரின் கைப்பிரதிகளையும் நினைவிலுள்ள பாடத்தையும் பதிவு செய்தல். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு பாடம் மறைகின்றது. நடிகர் பாடும் பாடலை ஒலிப்பதிவு செய்வதோடு, அதனை அவர் யாரிடம் கற்றார், அவர்தம் ஆசிரியர் யாரிடம் கற்றார் என்னும் மாணவர் வழிமுறையையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். சுவடிப் பதிப்பில் ஏடு வந்த வழியைக் குறித்தல் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது இது. இத்தகைய வழிமுறை அட்டவணை இருப்பின், பால சபை மாணவர் வாயிலாக வந்த பாடம் இது, அதற்கு முற்பட்ட குழுவினர் வாயிலாக வந்த பாடம் இது எனப் பிரித்தறிதல் இயலும். தி. க. சண்முகனார் காணாத ஐம்பது ஆண்டுகளுக்கு ஒளி தரக்கூடியது அத்தகைய பாடமே.

இப்பணிகளுக்குத் திண்டுக்கல் மிகப் பொருத்தமான இடம். நடிகர் சங்கம் நகரிலேயே உள்ளது. மேடைகள் சூழ்ந்த சிற்றூர்களில் உள்ளன. சுவாமிகள் தமிழ் கற்ற ஆசிரியரின் பழனி மாவட்டத்தின் மேல்பால் உள்ளது. 1956ஆம் ஆண்டில் தோன்றிய காந்திகிராம கிராமிய நிறுவனம் அண்மையில் உள்ளது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் திருவிழாக் காலத்தில் ஒரு நாடகத்தை முழுவதும் கேட்டு, அதன் பாடத்தையும் நடிகர் வழிமுறையையும் எழுதிக் கொணர்வாராயின், சில ஆண்டுகளில் பெருந்தொகுப்பொன்று உருவாகும். செலவு மிகுந்த பணியன்று. பொறுமை மிகுந்த பணி.

நாடகாசிரியர் வாழ்வைத் தொலைக்காட்சியிலும் திரையிலும் காட்டுவோர் இனியும் வருவர். அவர்தம் கற்பனைக்கு நாம் வரம்பிடுதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. கற்பனை எங்கே தொடங்குகின்றது என்பதனைக் காட்டும் வரம்புக்கல்லை நடுதலே நம் தொழில். ஆங்கிலேயர் தம் புலவருக்கு அக்கல்லை நட்டுள்ளனர். சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அதனை நடுதற்குரிய சான்றுகள் பழுத்த தாள்களிலும் முதிய நடிகரின் நாவிலும் தங்கியுள்ளன. அவை மறைவதற்குமுன் தொகுக்கப்படுதல் வேண்டும். 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடைபெறும் ஊர்களின் அருகில் வாழும் தமிழ் மாணவர் இதனைத் தம் கடனாகக் கொள்வாராக.